கீசர் பார்க்கப் போனோம்

மத்திய அரசு ஊழியரைக் கட்டிக்கொண்டவள் எந்த ஊருக்குப் போவாள் என்பதை ஒரு ஃபாரம்தான் முடிவு செய்யும். எல்.டி.சி. என்று பெயர், பயணச் செலவைச் சர்க்கார் கொடுக்கும். இந்த முறை சொந்த ஊர் என்று எழுதுவதாகத்தான் என் கணவர் சொல்லியிருந்தார். கும்பகோணத்தில் என் அக்காவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். என்னை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது. உள்ளே கொண்டுபோகும்போது நான் பக்கத்தில் நின்றால் போதும் என்றிருந்தாள்.

தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், ஃபாரத்தில் லடாக் என்று எழுதியதைச் சொன்னார். இப்போது விட்டால் அந்தச் சலுகை லாப்ஸ் ஆகிவிடுமாம். கும்பகோணம் எங்கேயும் ஓடிப்போகாதாம். லடாக்கில் பூமிக்குள்ளிருந்து கொதிநீர் பீறிட்டு அடிக்குமாம், பாத்ரூமில் வெந்நீர் போடுகிற கீசர் மாதிரி அதற்கும் கீசர் என்றுதான் பெயராம். கத்தித் தீர்த்தேன். டிக்கெட் வந்தாயிற்று என்றார். தனியாக ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதற்கு என்னைத்தான் அறைய வேண்டும். அக்காவிடம் இவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

சுமதாங்கில் சிந்து நதிக்கரையோரம் வெந்நீர் ஊற்றுகள். இவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு காலை நனைத்துச் சொக்கிப்போய் நின்றார். முதுகில் கை வைத்துத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. அப்போது அக்காவின் போன் வந்தது. மறுநாள் சாயங்காலம் ஆபரேஷனாம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் டாக்சியில் ஏறிக்கொண்டு கத்தினார்.

"ஜல்தி வா, கீசர் பாக்கணும்."

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "கீசர் பாக்க ஆளு வந்திருக்கானா? போடி, போய்ப் பாரு. குளிரு வருதுல்ல. வுட்டா அவன் திரும்ப வரமாட்டான்."

ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பூகா பள்ளத்தாக்கில் அந்தக் கீசரையும் பார்த்தேன். தரையெல்லாம் மஞ்சள், வெள்ளை, பாசிப் பச்சை. நடுவில் கொதிநீர் துப்பிக்கொண்டிருந்தது. அழகுதான். எனக்கு வயிறு எரிந்தது. இவர் போனை உயர்த்திப் பிடித்து, சிரி என்றார்.

"போடா" என்றேன்.

முப்பது வருஷத்தில் அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. போன் பிடித்த கை அப்படியே நின்றது. தங்கியிருந்த லே நகருக்குத் திரும்பியதும் எனக்கு மட்டும் சென்னைக்கு விடிகாலை டிக்கெட் போடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் போட்டார். தில்லியில் விமானம் மாறி, சென்னையிலிருந்து காரில் ஓடி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரமாகியிருந்தது.