கடுக்காய் மை

ஆம்பூர் ஆதிகேசவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். பின்னாளில் வாணியம்பாடியில் சயன்ஸ் வாத்தியாரான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எப்படிப் போகும்? 1924ஆம் வருஷம் வேலூர்க் காலேஜில் அவனுக்கு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே பற்றிக்கொண்டு வரும்.

காலேஜில் சேர்ந்த அன்று குமாஸ்தா, "அப்பாவுக்கு என்ன உத்தியோகம்?" என்றார். அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷமாயிற்று, அம்மா பூவம்மாள் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறாள் என்றான் இவன். அவ்வளவுதான். அவனை ஒரு வார்த்தை கேட்காமல் சரித்திர குரூப் என்று எழுதிவிட்டார்.

"உனக்கு இது போதும்பா. நெட்டுருப் போட்டுப் பாஸ் பண்ணிட்டு எங்கேயாவது குமாஸ்தாவாப் போயிடு."

இவனுக்கு எது போதும் என்று அளந்து வைக்க அந்த ஆள் யார்? ஆனாலும் ஆதிகேசவன் அந்த வகுப்பிலேயே போய் உட்கார்ந்தான். ஒரு மாதம் இங்கிலாந்து ராஜாக்களின் பட்டத்து வருஷங்களை உருப்போட்டான். காதில் விழுந்தது, மனசில் ஒட்டவில்லை. அடுத்த கட்டடத்துக் கெமிஸ்ட்ரி ரூம் ஜன்னலிலேயே கண் போய் நின்றது. சின்ன வயசிலிருந்து அவனை அரித்த கேள்வி ஒன்று உண்டு. ஷாப்பில் தோல் ஊறும் கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் தோல் கறுத்துவிடும். இரும்பு வாளியைக் கொண்டுபோகிறவளைப் பூவம்மாள் அடிக்கவே பாய்வாள். ஏன் கறுக்கிறது? சரித்திரத்தில் எந்த ராஜாவும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

குரூப் மாற்றிக்கொள்ள வரும் திங்கட்கிழமை கடைசி நாள் என்றார்கள். கெமிஸ்ட்ரி புரொபசர் கையெழுத்து வேண்டும், வீட்டுப் பெரியவர் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும். முதலில் அம்மாவிடம் போனான். அவள் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"இன்னாடா சொல்ற? நான் இந்த நாத்தத்துல சாவுறது போதாதா? வெள்ளைச் சட்ட போட்டுக்கினு மேஜ முன்னால குந்துவேன்னு பாத்தா, நீயும் தொட்டித் தண்ணியில கை வெக்கப் போறியா? தூக்கினு போ!"

சரி, புரொபசர் சம்மதித்தால் அம்மாவை மசிய வைக்கலாம் என்று வெள்ளிக்கிழமை கோதண்டபாணி சாரிடம் போய் நின்றான். அவர் வகுப்பில் முப்பது பிள்ளைகள். மேஜைமேல் மூன்று கண்ணாடித் தம்ளர்களில் கடுக்காய்த் தண்ணீர். பக்கத்தில் இரும்பு உப்புக் கரைசல் ஒரு புட்டி.

"தோல் ஷாப்புலேர்ந்து வர்றியாமே. இதுல எது ஜாஸ்தி சாரம்? கண்டுபிடி, பார்க்கலாம்."

புட்டியிலிருந்து ஒவ்வொரு சொட்டு விட்டு எது அதிகம் கறுக்கிறது என்று பார்க்க வேண்டும். அது இவனுக்கு எப்படித் தெரியும்? ஷாப்பில் செய்வதைச் செய்தான். ஒவ்வொரு தம்ளராக விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

"மூணாவது, சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கோதண்டபாணி சார் சொட்டு விட்டுப் பார்த்தார். மூன்றாவதுதான் கன்னங்கரேலென்று கறுத்தது. பார்த்தார்தானே? பார்த்துவிட்டும் சொன்னார்:

"லேபுல நாக்கு வெச்சா ஒருநாள் செத்துப்போவே. நக்கிப் பழகின கூட்டத்துக்குக் கெமிஸ்ட்ரி எதுக்குடா? உன் வீட்லயே சம்மதிக்க மாட்டா. அங்க சம்மதம் வாங்கிண்டு வா, நான் கையெழுத்துப் போடறேன்."

லேபில் நாக்கு வைக்கக் கூடாது என்றது சரி. மற்றதெல்லாம் கொழுப்பு. சனிக்கிழமை ரயிலேறி ஊருக்கு வந்த ஆதிகேசவன் புத்தகங்களை மூலையில் வீசினான்.

"நான் இனிமே போவல. நாளைக்கே ஷாப்புல சேத்து வுடு."

"இன்னா ஆச்சு?"

"நாக்குல வெச்சு ருசி பாத்தேன். சரியாத்தான் சொன்னேன். நக்கற கூட்டம்னு சொல்லிச் சிரிக்கிறானுங்க."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பூவம்மாள் நிமிர்ந்தாள். அப்துல் வஹீத் சாயபுவின் ஷாப்பில் கடுக்காய்த் தண்ணீரை ருசி பார்த்து, எந்தத் தொட்டியில் எப்போது தோல் இறக்குவது என்று முடிவு செய்வது அவள் நாக்கு. சாயபுவே, "பூவம்மா சொன்னா சரி" என்று கைகட்டி நிற்பார். அவள் முகம் சிவந்துபோயிற்று.

"இன்னான்னான்? நக்கறதா? இந்த நாக்குதாண்டா பன்னெண்டு வருஷமா உனக்குச் சோறு போட்டுது! என்னப் பாத்தா சிரிச்சான் அவன்? கொண்டா அந்தக் காயிதத்த."

மைப்புட்டி வேலூரில் அவன் தங்கும் அறையில் இருந்தது. வீட்டில் ஒரு துளி மை இல்லை. அவள் மருந்துக்கு வைத்திருந்த கடுக்காய்ப் பொடியைக் கரைத்தாள். ஒரு விரலால் ருசி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொடி போட்டாள். ஷாப்பில் எந்த இரும்பைத் தண்ணீரோரம் அண்ட விடமாட்டாளோ, அந்தத் துருப்பிடித்த இரும்புச் சட்டியில் வேண்டுமென்றே ஊற்றி வைத்தாள். காலையில் மை போலக் கறுத்திருந்தது. பெருவிரலைத் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினாள்.

"போ. போய் அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டு."

திங்கட்கிழமை காலை அதே முப்பது பேர் பார்க்க ஆதிகேசவன் நீட்டினான். கோதண்டபாணி சார் கைநாட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை.

"இது என்ன மை?"

"கடுக்காத் தண்ணி, இரும்பு. எங்கம்மா நாக்குல வெச்சுப் பாத்து பண்ணது, சார்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் பேனாவைத் தேடினார், மைப்புட்டியைத் திறந்தார், கைநாட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆதிகேசவன் காகிதத்தை வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.