வெறும் பதினாலுதான்

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் சிரிப்பார். "குளிர்ல உனக்கு மூளை உறைஞ்சிருக்கும் ரக்னா" என்பார். இப்போதெல்லாம் அப்படிச் சிரிப்பவரைக் கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடுகிறேன். இது என் கண்ணெதிரே நடந்தது. போயிருக்க வேண்டியது என் தம்பியின் உயிர். இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி. நானும் தம்பி ஹால்வரும் கிழக்கு நார்வே மலையில் ஓர் ஏரிக்கரைக் குடிலுக்குப் பனிச்சறுக்கில் போயிருந்தோம். அந்தக் குடிலில் ஆள் யாரும் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. சாவி வாங்கிக்கொண்டு போய் நாமே விறகு வெட்ட வேண்டும், நாமே பனியை உருக்கிக் காப்பி போட வேண்டும், கிளம்பும்போது நாமே கூட்டிவிட்டு வர வேண்டும். வருடா வருடம் போவதுதான். ஆனால் அந்த வருடம் அவன் மனைவி மாரித்துக்கு நிறைமாதம். "வராதே" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பிள்ளை பிறந்துட்டா அப்புறம் எங்க போறது?" என்று பல்லைக் காட்டினான். ஞாயிறு சாயங்காலம் வீட்டில் இருப்பேன் என்று மாரித்துக்குச் சத்தியம் வேறு செய்துவிட்டு வந்தான். எனக்கு அப்போதே எரிச்சல்.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது குளிர் சாதாரணமாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் மேகம் விலகியது. நட்சத்திரம் தெரிந்தது. மரச்சுவர் 'டொப்… டொப்…' என்று வெடிக்க ஆரம்பித்தது. கடுங்குளிர் இறங்குகிறது என்று அர்த்தம்.

ஆறு மணி இருக்கும். கதவு திறந்தது. ஒரு கிழவர் உள்ளே வந்தார்.

எங்கள் பக்கத்தில் குடிலுக்குள் வருகிற யாரும் வாசலில் காலை உதைத்து, ஷூவில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அந்த உதை சத்தத்தை வைத்தே ஆள் வருவதைத் தெரிந்துகொள்வோம். இவர் உதைக்கவில்லை. ஷூ முழுக்கப் பனியோடு நேராக வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார்.

"பெரியவரே, தரையெல்லாம் ஈரமாகும். நாளைக்கு நான்தான் துடைக்கணும்" என்றேன்.

"ஆகாதும்மா" என்றார்.

வயதானவர் என்று வாயை மூடிக்கொண்டேன். காப்பி ஊற்றி வைத்தேன். பழுப்புச் சீஸும் ரொட்டியும் கொடுத்தேன். தொடவில்லை. ஹால்வரிடம் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் யார் யார். நிறைமாதம் என்று அவன் சொன்னதும், "அப்போ நாளைக்குப் போயே ஆகணும் தம்பி. ஏரி மேல குறுக்கு வழி எனக்குத் தெரியும்" என்றார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் என் தம்பிதான். நான் போய்ப் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. வெளியே கும்மிருட்டு. அந்த மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் விடியும். கிழவர் வெளியிலிருந்து உள்ளே வந்தார். இப்போதும் காலை உதைக்கவில்லை.

"வெறும் பதினாலுதான். கிளம்பு தம்பி."

பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினாலு. ஜனவரியில் எங்கள் ஊரில் யாரும் 'கீழே' என்று தனியாகச் சொல்வதில்லை. பதினாலு என்றால் நல்ல நாள். குழந்தைகளைக்கூட வெளியே விளையாட விடுவோம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சன்னலுக்கு வெளியே அடித்திருந்த தெர்மாமீட்டரைப் பார்க்க வெளியே போனேன். இரண்டு அடி வைப்பதற்குள் மூக்குக்குள் இருந்த முடியெல்லாம் ஊசியாகக் குத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முப்பத்தேழு.

"ஹால்வர்! இங்க வாடா! முப்பத்தேழு காட்டுது!"

வந்தான். குனிந்து பார்த்தான். "எங்கக்கா? பதினாலுதானே இருக்கு."

"கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு?"

"உனக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

இருவரும் ஒரே டார்ச்சில், ஒரே கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எனக்கு முப்பத்தேழு. அவனுக்குப் பதினாலு. எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே போய்க் கொதிக்கிற காப்பியை எடுத்து வந்து வானத்தைப் பார்த்து வீசினேன். 'ஷ்ஷ்ஷ்' என்றது. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. அத்தனையும் வெள்ளைப் பொடியாகப் பறந்தது.

"பதினாலுல இப்படி ஆகுமா? சொல்லுடா!"

"காத்துக்கா."

ஒரு பொட்டுக் காற்று இல்லை.

உள்ளே வந்தோம். எல்லாக் குடில்களிலும் மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகளைப் பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள். எட்டாவது விதி: 'திரும்பிப் போவதில் வெட்கமில்லை.' எங்கள் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைத் தட்டிக் காட்டினேன்.

கிழவர் சிரித்தார். "அது வெட்கம் கெட்டவங்களுக்கு எழுதி வெச்சது. அக்கா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கிறவன் எப்படித் தம்பி அப்பனாவான்?"

ஹால்வரின் முகம் சிவந்தது. சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்க்க உட்கார்ந்துவிட்டான்.

"யோவ், உனக்கு என்னய்யா வேணும்? போகணும்னா நீ போ! அவனை எதுக்கு இழுக்கிற?"

கத்திக்கொண்டே கிழவரின் பக்கம் போனேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

நேற்று ராத்திரி ஊற்றிய காப்பி. அடுப்பிலிருந்து ஒரு முழ தூரம். அதன் மேல் பனிக்கட்டி ஆடை கட்டியிருந்தது.

ஷூவைப் பார்த்தேன். நேற்று ஒட்டியிருந்த பனி அப்படியே இருந்தது. தரையில் ஒரு துளி ஈரமில்லை. 'ஆகாதும்மா' என்றாரே…

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் வந்தால் சிலர் ஓடுவார்கள், சிலர் அழுவார்கள். எனக்குக் கோபம்தான் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இருக்கட்டும். ஹால்வரின் சறுக்கு ஷூ ஒன்றைத் தூக்கினேன். அடுப்புக் கதவைத் திறந்தேன். உள்ளே திணித்து, கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

ரப்பர் நாற்றம் குடிலை நிறைத்தது.

"பைத்தியக்காரி!" ஹால்வர் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "மாரித் அங்க தனியா இருக்காடி! நான் எப்படிப் போவேன்?"

"போகாத! அதுக்குத்தான் எரிச்சேன்!"

கிழவர் எழுந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. "சரி. நான் வெளிய நிக்கறேன் தம்பி" என்றார். போனார். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு சுவரில் ஊன்றுகோலால் தட்டும் சத்தம்.

டக்… டக்…

கதவுப் பக்கம். சன்னல் பக்கம். பின்பக்கம். மறுபடி கதவுப் பக்கம்.

"கேக்குதாடா?"

"மரம் வெடிக்குது. என்கிட்டப் பேசாத."

பகல் முழுக்க அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பகல் முழுக்க அந்தச் சத்தம் குடிலைச் சுற்றியது. மூன்றரைக்கு இருட்டியது. அப்போதும் நிற்கவில்லை. "போய்த் தொலைடா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது.

ஒன்பது மணிக்கு நின்றது.

அப்பாடா என்று சாய்ந்தேன். என்னை அறியாமல் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது மூன்று நாற்பது. ஹால்வர் என் கட்டிலுக்கு முன்னால் நின்றிருந்தான். புருவம் வெள்ளை. தாடி வெள்ளை. மூச்சு வாங்கியது.

"மனுஷியா நீ?" என்று கத்தினான். "மனுஷியா நீ?"

விறகெடுக்க வெளியே போயிருப்பான் என்று நினைத்தேன். "காலைல திட்டு" என்றேன். தொப்பென்று படுத்துவிட்டான்.

கதவோரம் என் ஷூ கிடந்தது. அடுப்புக்கு மேல் ஆணியில் மாட்டியிருந்தேனே…

அதன் மேல் பனி.

விடிந்ததும் பனி ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அப்புறம் வாசலில் காலை உதைக்கும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மீட்புக் குழுவைச் சேர்ந்த தூர்கில்ஸ் என்பவர் வந்திருந்தார். புருஷன் வரவில்லை என்று மாரித் போன் செய்திருக்கிறாள்.

உள்ளே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மூணாவது ஆள் எங்க?"

"மூணாவதா?"

"வாசல்லேருந்து ஏரி வரைக்கும் ரெண்டு பேர் சறுக்கிப் போன தடம் இருக்கு. ஒருத்தர் தடம் மட்டும் திரும்பி வந்திருக்கு. இன்னொன்னுக்குப் பின்னாடியே போய்ப் பாத்தேன். ஏரி நடுவுல முடிஞ்சு போச்சு. ஐஸ்ல ஓட்டையும் இல்ல, விரிசலும் இல்ல."

ஹால்வர் காலுறையைக் கழற்றினான். இரண்டு விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன.

"குளிர் எவ்வளவு இப்போ?" என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சு. ராத்திரி நாப்பதைத் தொட்டுது."

"பதினாலுன்னு ஒரு பெரியவர் சொன்னார்…"

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த தூர்கில்ஸ் நிறுத்தினார்.

"யாரு சொன்னது பதினாலுன்னு?"

சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடங்களுக்கு முன் இதே ஏரியில் ஒரு பையனை அவர்தான் கண்டெடுத்தாராம். கிளம்பும் முன் தன் அம்மாவுக்குப் போனில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தானாம். 'வெறும் பதினாலுதான்மா. ஒரு தாத்தா வழி காட்டுறாரு. சீக்கிரம் வந்துடுவேன்.' அன்றைக்குக் குளிர் நாற்பத்தொன்று.

"அந்தத் தாத்தாவை ஒரு வாரம் தேடினோம்" என்றார் தூர்கில்ஸ். "அப்புறம் விசாரிச்சதுல தெரிஞ்சுது. அந்தக் குளிர்காலத்துல எங்கேயும் எந்தக் கிழவரும் காணாமப் போகல."

புதன்கிழமை மாரித்துக்குப் பையன் பிறந்தான். ஆமுண்ட் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆஸ்பத்திரியில் வேறொரு மாடியில் ஹால்வரின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

நான் தூங்கியதும் கிழவர் சன்னலுக்கு வெளியே நின்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "உங்க அக்கா ஷூ இருக்கே தம்பி." சின்ன வயதிலிருந்து என்னைப் 'படகுக்காலி' என்று கேலி செய்தவன் இவன். என் ஷூ அவனுக்கு ஒரு அளவுதான் சின்னது. போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"ஏரியில இறங்கினதும் ஷூ கடிக்க ஆரம்பிச்சுதுக்கா. வலி தாங்கல. உன்மேல எனக்கு வந்த கோபம் இருக்கே… திரும்பிப் போய் உன்னை எழுப்பி நாலு வார்த்தை கேக்காம விடக் கூடாதுன்னு தோணுச்சு. திரும்பினேன். 'வெட்கமா இல்லியா'ன்னு அந்தக் கிழவன் பின்னாலிருந்து கேட்டான். மயிரே போச்சுன்னு வந்துட்டேன்."

"அப்புறம்?"

ஹால்வர் கட்டுப் போட்ட காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"சிரிச்சான். 'சரி போ. பையன் வளரட்டும்'னான்."

பிறக்கப் போவது பையன் என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று மாரித் சொல்லியிருந்தாள்.

ஆமுண்டுக்கு இந்த மாதம் பன்னிரண்டு முடிகிறது. சறுக்குவதில் அப்பனை மிஞ்சிவிட்டான். குளிர் முப்பதைத் தாண்டும் என்று வானொலியில் சொன்னால் போதும், அவன் சறுக்கு ஷூவில் ஒன்றை ஹால்வர் என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிடுவான். பையனுக்குக் காரணம் தெரியாது. அந்தக் கதையை அவனிடம் நாங்கள் சொன்னதில்லை. பதினாலு என்ற எண்ணையே அவன் காதுபட யாரும் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. வானொலி முப்பத்தாறு என்றது. ஹால்வரும் மாரித்தும் இரவு வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. போன் அடித்தது.

"அத்தை, என் ஷூவைக் குடு. வந்து எடுத்துக்கறேன்."

"இந்தக் குளிர்லயா? பேசாம படுடா."

"எந்தக் குளிர்? வெளிய வெறும் பதினாலுதான்."

போனில் அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ கேட்டது.

டக்… டக்…

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. "வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடு. அப்பா வர்ற வரைக்கும் திறக்காத" என்றேன். போனைக் கையில் பிடித்தபடியே அடுப்புக் கதவைத் திறந்தேன். எரிந்துகொண்டிருந்த தீயில் ஷூவைத் திணித்தேன். அவனுக்கும் கேட்கட்டும் என்று, என்ன செய்கிறேன் என்பதைச் சத்தமாகச் சொன்னேன். அங்கே வெளியே நிற்பவனுக்கும்தான்.

"மனுஷியா நீ?" என்று ஆமுண்ட் கத்தினான். அப்பனைப் போலவே, அதே வார்த்தை.

கத்தட்டும்.