எங்கள் வீட்டில் தொங்கிய கோல் வலை

காய்ந்த மீனும் உப்பும் ஈரக் கயிறும் கலந்த வாடை எங்கேயாவது மூக்கில் பட்டால், எனக்குக் கடல் ஞாபகம் வருவதில்லை; பந்தாட்டம்தான் ஞாபகம் வருகிறது. எழுபதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டுச் சுவரில், இடக்கொச்சி மீனவர்களிடம் கேட்டு வாங்கிய பழைய மீன்வலை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எங்கள் தெருவின் "செவன்ஸ்" அணியுடைய கோல் வலை. பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் அந்தக் கால்பந்து ஆட்டம் என்றால் எங்கள் பகுதியில் சோறு தண்ணீர் வேண்டாம். அணிக்கு யார் "மேனேஜரோ" அவர் வீட்டில்தான் வலை இருக்க வேண்டும் என்பது தெருவின் வழக்கம். அந்த வருடம் மேனேஜர் என் அப்பா.

அப்பா மிளகுப் பண்டகசாலையில் சாக்கு தைப்பவர். பந்தைக் காலால் தொட்டவர் அல்ல. ஆனால் எல்லோரிடமும் பணிவாகப் பேசுவார், கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள் என்று அவரைப் பிடித்துப் போட்டார்கள். அவர் தன்னோடு வேலை செய்த சுமைக்காரர்களையே ஆட்டத்தில் இறக்கினார். "முழு மூட்டையைத் தலையில தூக்குறவனுக்கு ஒரு பந்தா பெரிசு" என்பது அவர் கட்சி. தவறு அங்கேதான் நேர்ந்தது. காலமெல்லாம் தலையில் சுமந்தவர்களுக்கு, கழுத்தை அசைக்கக் கூடாது என்பது உடம்பில் ஊறிப்போயிருந்தது. பந்து உயரமாக வந்தால் துள்ளி முட்ட மாட்டார்கள். மூட்டையை வாங்குவதுபோல முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கழுத்தை விறைத்து, தலையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பந்து தலையில் இறங்கி, எதிராளியின் காலடியில் சாதுவாகப் போய் விழும். "சேட்டா, அவிடெ எறக்கி வெச்சோ, கூலி பின்னெ தராம்" என்று மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே இருந்து யாராவது கத்த, மைதானமே சிரிக்கும்.

கோல் காத்தவர் முருகன் மாமா, என் அம்மாவின் தம்பி. அவருக்குப் பண்டகசாலையில் மிளகு புடைக்கும் வேலை. தூசி பறக்கும்போது கண்ணை இறுக்கிக்கொண்டு பழகியவர், முகத்தை நோக்கி எது வந்தாலும் கண்ணை மூடிவிடுவார். பந்து வந்தாலும் அதேதான். வலைக்குள் போய் விழுந்த பிறகு கண்ணைத் திறந்து, எங்கே என்று தேடுவார்.

தெரு பொறுத்துப் பார்த்தது, பிறகு பொறுக்கவில்லை. எங்கள் சந்து முனையில் சாயாக்கடை வைத்திருந்த மொய்தீன் இக்காதான் கோபக்காரர்களுக்குத் தலைவர். யாரை வெளியே நிறுத்த வேண்டும், யாரை எங்கே ஆட விட வேண்டும் என்று சாயா ஆற்றிக்கொண்டே விளக்குவார். ஆட்டம் முடிந்து அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடையைத் தாண்டும்போது, "எந்தா அண்ணாச்சி, இன்னு எத்ர மீன் கிட்டி?" என்று கேட்பார். இன்று எத்தனை மீன் கிடைத்தது என்று அர்த்தம்; வாங்கிய கோல்தான் மீன். பெஞ்சில் இருப்பவர்கள் ஆளுக்கொரு மீன் பெயர் சொல்வார்கள். மறுநாள் பள்ளியில் பையன்கள் என்னிடம் அதையே கேட்பார்கள். தெருக் குழாயில் அம்மாவின் குடத்தைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள்; சில நாள் நிறுத்தாமல், மச்சானை வெளியே நிறுத்தினால் வீட்டில் சோறு கிடைக்காதாம், அதனால்தான் முருகன் இன்னும் கோலில் நிற்கிறானாம் என்று அம்மா காதில் விழும்படி பேசியிருக்கிறார்கள். உண்மையில் தம்பியை ஆட்டத்திலிருந்து நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு வாரமும் மன்றாடியது அம்மாதான். "இப்ப மாத்தினா அவங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடும்" என்பார் அப்பா. சரியாக உண்ணமாட்டார். பண்டகசாலைக்குச் சாயாக்கடையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார்.

இதில் என் பாடு யாருக்கும் தெரியாது. நானும் அந்த அணியின் ரசிகன்தானே! தோற்கும்போது எனக்கும் ஆத்திரம் வரும். மாமாவை நிறுத்தித் தொலையுங்கள் என்று தொண்டை வரை வரும். ஆனால் மேனேஜர் மகன் எப்படிக் கத்துவது? கூச்சத்தோடு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தால், படுக்கும் பாய்க்கு மேலே அந்த வலை தொங்கும்.

இடக்கொச்சி அணியிடம் படுதோல்வி அடைந்த அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் மொய்தீன் இக்கா பின்னால் ஒரு கூட்டத்தோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அடிதடி ஆகும் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். நெடுநேரம் பேசுவதற்குத் தயாராக வந்தவர் இக்கா. முதல் காரணத்தைச் சொல்லத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அம்மா ஆணியிலிருந்து வலையை எடுத்து, அப்படியே சுருட்டி, அவர் தோளில் போட்டுவிட்டாள்.

"இதைக் கேக்கத்தானே வந்தீங்க இக்கா? கொண்டு போங்க. திருப்பி மட்டும் கொண்டாந்துடாதீங்க."

வலையின் கனத்தில் இக்கா ஒரு பக்கம் சாய்ந்தார். பின்னால் நின்ற ஒருவர் நிதானமாக, "அப்போ இனி இக்காயா மேனேஜர்" என்றார். வழக்கம் வழக்கம்தானே; வலை யாரிடமோ அவரே மேனேஜர். இக்காவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. தோளிலிருந்து இறக்கவும் முடியாமல் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வந்த கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு யார் கோலில் நிற்பது என்று கேட்டபடியே அழைத்துப் போனது.

அப்பா இடிந்துபோவார் என்று பயந்தோம். அவர் வெறும் ஆணியைப் பார்த்தார். பிறகு, "அந்தச் சுவரைக் கொஞ்சம் கழுவி விடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சோறு கேட்டு வாங்கி, மறுசோறும் போட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

இக்கா முருகன் மாமாவை ஆட்டத்திலிருந்து நிறுத்தினார். ஆட்களை இடம் மாற்றினார். அணி முன்புபோலவே தோற்றது. கண்ணைத் திறந்து வைத்திருந்த புதிய கோல்கீப்பர், பந்து போவதை நன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவும் மாமாவும் நானும் கயிற்றோரம் கடலை தின்றுகொண்டிருந்தோம். ஆட்டம் முடிந்து இக்கா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டியபோது, எவரிடமும் அதிர்ந்து பேசாத அப்பா, வாயருகே கையைக் குவித்து, "எந்தா இக்கா, இன்னு எத்ர மீன் கிட்டி?" என்று கத்தினார். நானும் கத்தினேன். மைதானத்தில் என் குரலை நானே கேட்டது அன்றுதான். இக்கா முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். தோற்றது எங்கள் அணிதான். ஆனால் அது எங்கள் வீட்டு விஷயமில்லை என்பது எவ்வளவு பெரிய சுகம்!

அந்த மைதானத்தில் இப்போது யூதர் தெருவான ஜூ டவுனுக்கு வரும் சுற்றுலா வண்டிகள் நிற்கின்றன. தெரு அணி இல்லை, கயிறு இல்லை, வலையைத் தோளில் சுமப்பவர் இல்லை. சாயாக்கடை மட்டும் இக்காவின் பேரன் கையில் இருக்கிறது. மாலையில் அங்கே பையன்கள் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து, ஏதோ தூரதேசத்து அணி தோற்பதைப் பார்த்து, அதன் மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். அந்த ஆள் மாற்ற வேண்டியவனை மாற்றுவதே இல்லை. நான் ஓரமாக உட்கார்ந்து சாயா குடிக்கிறேன். அந்த மனிதருக்கும் வீட்டில் ஒரு பையன் இருக்கலாம். அந்த ஊரில் வலையை வீட்டில் வைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வைப்பார்கள் என்றால், சீக்கிரம் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.