மீட்டரைத் தொடாத முதல் மாணவி

வண்டி வேலை தெரிந்தவனுக்கு அதைச் சொல்லித்தரவும் தெரியும் என்று நினைத்துத்தான் மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் ஒரு மெக்கானிக் பயிற்சி நிலையத்தில் வாத்தியாராகச் சேர்ந்தேன். இருபது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தவன். வாயைத் திறந்தால் பாடம் தானாக வரும் என்ற திமிர். அந்தத் திமிரால் அடிபட்டது என் மாணவி ஒருத்தி.

அங்கே முக்கியமான வகுப்பு, பழுது கண்டுபிடிப்பது. அதற்கென்று ஒரு பழைய கார் நின்றது. காலையில் யாரும் வருவதற்கு முன் நான் அதில் ஒரு கோளாறை ஒளித்து வைப்பேன். ஒரு சென்சாரின் பிளக்கைப் பாதி கழற்றி விடுவேன்; இல்லையென்றால் எரிந்துபோன ஃபியூஸ் ஒன்றைச் செருகி வைப்பேன். மல்டிமீட்டரை வைத்து, மின்சாரம் எந்தக் கம்பிவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று படிப்படியாகப் பார்த்து மாணவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், வண்டி வேலைதான் வேண்டும் என்று அதை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். மற்றவர்கள் முக்கால் மணி நேரம் முட்டி மோதுகிற கோளாறை அவள் பத்து நிமிஷத்தில் காட்டிவிடுவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்துப் படிங்கடே" என்று மற்றவர்களைக் குத்திக்காட்டுவேன். அவள் கெட்டிக்காரத்தனத்தைவிட என் போதனையை நினைத்துத்தான் பூரித்துப்போனேன்.

ஒருநாள் அவள் பழுதைக் காட்டிய பிறகு வண்டிக்குப் பக்கத்தில் போனேன். மீட்டர் மட்கார்டின் மேல் கிடந்தது. அதன் திருகு ஆஃபிலேயே இருந்தது. அவள் கையில் ஒரு டார்ச் மட்டும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஹைவே ஓரத்து நிலையம், பயிற்சி வண்டியின் எஞ்சின் மேல் எப்போதும் புழுதி படிந்திருக்கும். காலையில் நான் விரல் வைத்த இடத்தில் மட்டும் அது கலைந்திருக்கும். அவள் தேடியது அந்த இடத்தை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷத்துக்குள் கண்டுபிடித்தால் சபாஷ் என்று பழக்கியவன் நான்தானே.

"எப்படி மோளே கண்டுபிடிச்சே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து வகுப்பைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் அவளைத்தான் நிறுத்துவதாக இருந்தேன். நிறுத்தவும் செய்தேன். ஏழு நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாய் கூசாமல் நன்றி சொன்னேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு சர்வீஸ் சென்டருக்கு அவளைச் சிபாரிசு செய்தேன். அங்கே மேனேஜர், முன்பு என்னோடு வேலை பார்த்த நாகர்கோவில்காரர். ஒருநாள் வந்து ஒரு பழுதைக் கண்டுபிடித்துக் காட்டட்டும், தேறினால் வேலை என்றார். என்னையும் வரச் சொன்னார். பெருமையடித்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா, போனேன்.

விதுரா மலைப்பக்கத்திலிருந்து வந்த கார். மலைப்பாதை வளைவுகளில் எஞ்சின் திடீரென்று நின்றுபோகிறதாம். அந்த சர்வீஸ் சென்டர் வழக்கப்படி, வண்டியை உள்ளே எடுக்கும் முன்பே பானெட்டைத் திறந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தது. இந்தப் பக்கம் வந்து பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். கடைசியில் மீட்டரை எடுத்தாள். அதன் முனைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அரை மணி நேரம் பொறுத்துவிட்டு மேனேஜர் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பேட்டரியிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் எர்த் கம்பியில் அவர் மீட்டரை வைத்தார். கம்பி முனை துருப்பிடித்து லூசாகியிருந்தது. ஐந்து நிமிஷ வேலை.

"இதாக்குமா அண்ணாச்சி உங்க ஒண்ணாம் நம்பர் ஸ்டூடண்ட்?" என்று கேட்டார் மேனேஜர்.

"நானும் படிச்சுப் படிச்சு சொல்லிக் கொடுத்தேன். சிலருக்கு மண்டையில ஏறாது, கேட்டியா" என்றேன்.

இரண்டடி தள்ளி நின்று அவள் பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. துடைப்பதை நிறுத்தவில்லை. வாசலில், "வா, ஸ்கூட்டர்ல கொண்டு விடுகேன்" என்று கூப்பிட்டேன். "பஸ் வரும் சாரே" என்றாள்.

சொல்லித்தரத் தெரியாதது ஒரு குறை, குறையைத் திருத்திக்கொள்ளலாம். அதைத் தூக்கி அவள் தலையில் போட்டது அயோக்கியத்தனம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திருத்திக்கொள்ளவும் செய்தேன். பயிற்சி வண்டியைத் தினமும் நானே கழுவினேன். பழுதைக் கண்டுபிடித்தவர் எப்படித் தெரிந்தது என்று காரணம் சொன்ன பிறகுதான் தேறியதாக எழுதினேன். அவர்கள் காரணம் சொல்லத் திணறும்போது குறுக்கே விழாமல் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன். வகுப்பு ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஆஃபீஸில் முகம் சுளித்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளில் அப்போதுதான் வாத்தியார் வேலை பார்த்தேன். ஆனால் அந்த வகுப்பில் அவள் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பழவங்காடிக்குப் போனேன். அந்தத் துணிக்கடையில், பழைய இடத்திலேயே உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திரும்ப கிளாஸுக்கு வா மோளே. முதல்ல இருந்து சரியா சொல்லித் தாறேன்."

"எனக்கு மண்டையில ஏறாதுன்னு சொன்னீங்களே சாரே."

"தப்பு என் மேல. மீட்டர் ஆஃப்ல கிடந்ததை நான் அன்னைக்கே பாத்தேன். தெரிஞ்சும் கேக்காம விட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இதை எங்கிட்ட சொல்லி என்ன சாரே? அங்க, மேனேஜர் முன்னால வச்சு சொல்லியிருக்கலாமே" என்றாள். அடுத்த ஆள் துணியை நீட்ட, பில் போடத் திரும்பிவிட்டாள்.

வெளியே வந்து, பிள்ளையார் கோயில் கூட்டத்துக்கு ஒதுங்கி நின்று மேனேஜருக்கு போன் செய்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். இன்னொரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஐயோ அண்ணாச்சி, மறுநாளே சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பேனே. போன வாரம் வேற ஆளு போட்டாச்சு" என்றார்.

கடையின் கண்ணாடிக் கதவு வழியாக அவள் குனிந்த தலை தெரிந்தது. உள்ளே போய், மேனேஜரிடம் உண்மையைச் சொன்னதையும் அந்த வேலை கைவிட்டுப் போனதையும் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.