குலுங்காத நடை

அடைமழையிலும் மடுல்கெல்லைக்கு ஏறி வந்து எங்கள் அப்பாவின் கருமாதியில் கலந்துகொண்ட உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள்.

அப்பா இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இதே வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அண்ணன் கையில் வளர்ந்தார். பிறகு தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரையின் குதிரை லாயத்தில் வேலை கிடைத்தது. அங்கே இந்தியாவிலிருந்து வந்த காத்தியவார் குதிரை ஒன்று நின்றது. காது நுனிகள் வளைந்து ஒன்றையொன்று தொடும். குலுங்காத நடை, உல்லாசச் சவாரிக்கு ஏற்ற இனம். முதுகுவலிக்காரியான தொரைசாணி வேறு குதிரையில் ஏறவே மாட்டார்.

வேலை நிலைக்க வேண்டுமென்று அப்பா ஒரு காரியம் செய்தார். தாம் முன்னால் நடந்து குரல் கொடுத்தால் மட்டுமே அந்த நடை நடக்கும்படி குதிரையைப் பழக்கிவிட்டார். வேறு யார் பிடித்தாலும் அது துள்ளும்.

பெரியப்பா கலகெதரையில் கடை போட்டதும், "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துரு தம்பி, இங்க படிக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார். அம்மா சட்டிபானையைக் கட்டிவிட்டார். அப்பா தொரையிடம் போய் நின்றார்.

"நீ போனா குதிரை நடக்காது. போறதுன்னா ஒன் மாமனார் மாமியாரும் லயத்த விட்டுப் போகணும்" என்றாராம் தொரை.

கடைக்குப் பின்னால் இருந்ததோ ஒரே அறை. அம்மாவைப் பெற்ற அந்த முதியவர்கள் எங்கே போவார்கள்? அப்பா திரும்பி வந்து, "கட்டுனத அவுத்துரு புள்ள. நானே போட்ட கட்டு, யாரச் சொல்ல?" என்றார். பிறகு வேறோர் ஆளுக்குக் குதிரையைப் பழக்கப் பார்த்தார். அது அப்பாவின் குரலைத்தான் தேடியது. நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கினேன். அந்தக் குதிரையின் மேல் எனக்கு இன்றுவரை கோபம்தான்.

தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனதும், தொரை குதிரையை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். தாத்தாவும் பாட்டியும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெரியப்பாவும் கடையை விற்றுவிட்டு இந்தியா போயிருந்தார்.

"இப்பவாவது அத அவுத்து விட்டுட்டு வாங்க, எங்கயாச்சும் போவோம்" என்றார் அம்மா.

"அதுக்கும் போக எடமில்ல புள்ள" என்றார் அப்பா. அது சாகும்வரை புல் அறுத்துப் போட்டார். அதன்பின் அவருக்கும் வயதாகிவிட்டது.

படுக்கையில் கிடந்த நாட்களில் மருந்து கொடுத்த பன்வில டாக்டருக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து லயத்து அக்காமாருக்கும் நன்றி. அப்பாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த தம்பிமாரே, அந்தக் கல்லு ரோட்டில் நீங்கள் கொஞ்சமும் குலுக்காமல் நடந்ததை லயத்து முனையில் நின்று பார்த்தேன். அன்றைக்கு அப்பா முன்னால் நடந்து குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.