ஈரத்துண்டு போட்ட பெஞ்ச்

வெயிலில் கொதித்த ஸ்கூட்டர் சீட்டில் இன்று ஈரத்துண்டைப் போட்டதும் எழுந்த ஆவி, எழுபதுகளில் நாங்கள் வாழ்ந்த மராட்டிய ஊரான போபோடியில் இருந்த, பிறகு மேம்பாலத்துக்கு அடியில் போய்விட்ட பூங்காவை, அதன் ஒற்றைப் புளியமரத்தைக் கொண்டுவந்தது. மே மாத ஞாயிறுகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் அங்கே கல்பெஞ்சில் ஈரத்துண்டு விரித்து, கல்லைக் குளிரவைத்து இடம் பிடிப்பது எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். ஒருமுறை எங்கள் துண்டை எறிந்துவிட்டு, அப்பாவோடு வேலைபார்த்த அந்தோணி அங்கிள் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிடா. துண்டு போட்டது நாங்க," என்றார் அப்பா.

"நெழலு என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

அப்பா டிபன் கேரியரால் அவர் மண்டையைப் பிளந்தார். அவரோ அப்பாவின் கன்னத்தை, வெயில் விழுந்த பெஞ்சின் மறுமுனையில் தோல் பொசுங்க அழுத்தினார். சிந்திய ரத்தம் கல்லிலேயே கறுத்துக் காய்ந்தது. பெண்கள் அலறி இருவரையும் பிரித்தபோது நிழல் பெஞ்சை விட்டு நகர்ந்திருந்தது. அந்த நிழலில் ஒரு நாய் நீட்டிப் படுத்திருந்தது.