கட்டிங் மேட்மேல் விளக்கு வைத்தேன்

1. பச்சை வந்த நாள்

கத்திக்கு அடியில் விரிக்கிற புது கட்டிங் மேட் வந்து இறங்கிய அன்று எங்கள் ஊர் கெலாங் பாத்தாவில் காலையிலிருந்தே மழை. வளையாமல் இருக்க இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தார்கள். எட்டடிக்கு நாலடி, ஒரே துண்டு. வெட்டுமேசைமேல் அதைப் போட்டதும் எங்கள் ஸ்டிக்கர் பட்டறையே பச்சையாகிவிட்டது. மேலே தகரக் கூரையில் மழைச் சத்தம், கீழே அந்தப் பச்சை. வேலையை மறந்து நின்றுவிட்டேன். கனவு காண்பது எனக்குப் பிறவி வியாதி. கத்தி பிடிக்கிற வேலைக்கு அது ஆகாது என்று சேர்ந்த முதல் வாரமே சொன்னார்கள். அப்படியும் பத்தொன்பது ஆண்டு ஓட்டியிருந்தேன்.

அதற்கு முன் இரண்டு சின்ன மேட்களை டேப் ஒட்டிச் சேர்த்து வைத்திருந்தோம். இணைப்பைத் தாண்டும்போதெல்லாம் கத்தி தடுக்கும். பெரியதாக ஒன்று வாங்குங்கள் என்று முதலாளி ராமநாதன் அண்ணனை ஆறு மாதம் நச்சரித்தேன்.

“அவ்ளோ பெருசு எதுக்கும்மா, படுத்துத் தூங்கவா?”

“தூங்குனாலும் கோணலா தூங்க மாட்டேன் அண்ணே. அதுலதான் கோடு போட்டிருக்கே.”

சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் வாங்கிவிடுவார் என்று அர்த்தம்.

நீங்கள் வாங்கப் போனால், மேட்டில் அச்சடித்த கோட்டை அப்படியே நம்பாதீர்கள். இரும்பு ஸ்கேல் வைத்து மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். பளபளப்பானது வேண்டாம், லைட் பட்டுக் கண் கூசும். சுருட்டிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை பாத்திர சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுத் துடைக்க வேண்டும். ஒரே இடத்தில் கத்தி விழாமல் இருக்க மாதம் ஒருமுறை தலைமாற்றிப் போட வேண்டும். வெயில் ஆகாது, சூடு ஆகவே ஆகாது. சூடான தே தாரிக் டீ கிளாஸ்கூட மேசைப் பக்கம் வரக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான்.

2. ஆயுத பூஜை

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் கத்தி, ஸ்கேல், ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். புது மேட்டுக்கும் மூலையில் ஒரு பொட்டு. விளக்கை ஸ்டூல்மேல் வைக்கச் சொல்லிவிட்டு அண்ணன் கோயிலுக்குப் போனார்.

ஸ்டூலில் விளக்கு அநாதையாகத் தெரிந்தது. கத்திகளெல்லாம் மேசையில் வரிசையாக இருக்க, வெளிச்சம் மட்டும் எங்கோ மூலையில். எனக்கு மனம் கேட்கவில்லை. அது அகலமான மண்விளக்கு. அடியில் இரண்டு வெற்றிலையைப் போட்டு மேட் நடுவில் தூக்கி வைத்தேன். வெற்றிலை இருக்கிறதே, சூடு இறங்காது என்பது என் நினைப்பு. சுடர் அசைய அசையப் பச்சையில் இருந்த கோடுகளும் அசைந்தன. மெர்சிங் படகுத்துறையில் அந்தி நேரத்தில் நிற்பது போலிருந்தது. எண்ணெய் தீரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. மேசையைத் துடைக்கப் போனால், துணி நடுவில் ஓர் இடத்தில் ஏறி இறங்கியது. உள்ளங்கை அளவு வீக்கம். ஆறு மாதம் கெஞ்சி வாங்கிய பொருள் ஆயிற்றே. ஒரு ஸ்டிக்கர் ரோலை எடுத்து அதன்மேல் வைத்து மறைத்தேன். அண்ணன் வந்தார். வழக்கம்போல மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே போனார்.

3. சரோஜா அக்காவின் வேன்

பத்து மணிக்குப் பக்கத்து ஊரான பெக்கான் நானாஸிலிருந்து சரோஜா அக்கா வந்தார். பல வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டிவிட்டு, முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பள்ளிக்கூட வேன் எடுத்திருந்தார்.

“ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் லா. சைடுல ரெண்டு பக்கமும் ‘பள்ளிக்கூட வேன்’னு மலாய்ல எழுத்து இருக்கணும். இன்னிக்கு விட்டா அடுத்த டேட் எப்பன்னு தெரியாது. அதுக்குள்ள புள்ளைங்க எல்லாம் வேற வேனுக்குப் போயிரும்.”

இருட்டில் ஒளி பட்டால் மின்னுகிற ரிஃப்ளெக்டிவ் ஷீட் அது. தடிப்பு அதிகம், எங்கள் மெஷினில் ஓடாது, கையால்தான் வெட்ட வேண்டும். புது ஸ்டாக் இன்னும் வரவில்லை. இருந்தது ஒரே ஷீட், இரண்டு பக்கத்துக்கும் சரியாக இருக்கும்.

வீக்கத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து வெட்டினேன். அது போதும் என்று நினைத்தேன். வீங்கியது உள்ளங்கை அளவுதான், ஆனால் அதைச் சுற்றி மேட் கண்ணுக்குத் தெரியாமல் தூக்கியிருந்தது. ஆங்கில ‘கே’ எழுத்துக்கு வந்தபோது ஸ்கேல் ஆடியது. கத்தி வழுக்கி எழுத்தின் குறுக்கே போய்விட்டது.

“ஆச்சா தங்கச்சி?” என்று கேட்டார் அக்கா. வேன் பத்திரங்களை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிளேடு மழுங்கிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்தக் கைகளைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“எழுத்து கெட்டுப்போச்சுக்கா. நேத்து நான் மேட்மேல விளக்கு வச்சேன், அது வீங்கிருச்சு. காலையிலேயே தெரியும். மறைச்சுட்டேன்.”

“அலமாக், ஐயோ! தெரிஞ்சுமா என் ஷீட்ட அதுல போட்டீங்க?”

சத்தம் கேட்டு அண்ணன் வந்து நின்றார். ஷீட்டை இழுத்துக்கொண்டு மேசையின் வாசல் பக்கக் கோடிக்குப் போனேன். அங்கே மேட் படிந்திருந்தது. மீதி எழுத்துகளை அங்கேயே நின்று வெட்டினேன். கெட்டுப்போன ‘கே’யில் நேர்க்கோடு தப்பியிருந்தது. அதன் சாய்ந்த இரண்டு கைகளையும் கழிவுத் துண்டிலிருந்து வெட்டிப் பொருத்தினேன். வேனில் ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் நானும் ஒட்டினோம். அக்கா சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தார்.

4. மார்க்கர்

மூன்றரை மணிக்கு அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது.

“எழுத்து ஓகேன்னுட்டாங்க. நாளையிலேர்ந்து வேன் ஓடும். ஆனா உங்க மேல கோவம் இன்னும் போகல.”

“போகக் கூடாதுக்கா,” என்றேன். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன்.

அண்ணன் பக்கத்தில் வந்தார். “காலையிலேயே, நீ அந்தப் பக்கம் போனப்ப, ரோல நகர்த்திப் பார்த்துட்டேன்மா. நீயா வந்து சொல்றியான்னு இருந்தேன்.”

அழுகை நின்றுவிட்டது. அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

“என்னைச் சோதிச்சுப் பாக்க அவங்க வேன்தான் கெடச்சுதா அண்ணே?”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “தப்புதான்,” என்றார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேட்டில் பழுது கண்டால், கெடுத்தவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். யார் கெடுத்தது என்பதைச் சாயங்காலம் பேசிக்கொள்ளலாம். முதலில் பார்த்தவர் அடையாளம் போட வேண்டும், அடுத்தவர் கத்தி அங்கே போவதற்குள்.

அண்ணன் எழுந்து கறுப்பு மார்க்கரை எடுத்து வீக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மூடாமலே என்னிடம் நீட்டினார். நான் இரும்பு ஸ்கேலை மேட்மேல் வைத்து, அது ஆடுகிற இடமெல்லாம் தேடித் தேடி வெளியே இன்னொரு வட்டம் போட்டேன். மேட் பாதிக்குமேல் அதற்குள் இருந்தது.